எலிக்கு வலி குறைந்தால் நமக்கும் குறையுமா?

வேதியியல் ஆய்வாளர்களை வியக்கவைத்த ஒரு செய்தி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் வளரும் நாக்லியா லாட்டிஃபோலியா என்ற சிறு மரத்தின் வேர்ப்பட்டையில் டிரமடால் இருக்கிறது என்று பிரான்ஸ் ஆய்வாளர்களின் தலைமையிலான குழு அறிவித்தது. டிரமடால் கடும் வலிக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து. 1970-களில் ஜெர்மனியில் சந்தைக்கு வந்தது. மனிதர்கள் ஆய்வகத்தில் தாமாகவே உருவாக்கிய மூலக்கூறு என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். கேமரூன் நாட்டு மக்கள் வலிக்கும் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் அந்த மரத்தின் வேரைக் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். வேர்ப்பட்டைச் சாறு சுண்டெலிகளின் வலியைக் குறைக்கிறது என்பதும் சோதனைகளில் தெரிந்திருந்தது. நாட்டு வைத்தியம், விலங்குச் சோதனை, வேதியியல் மூன்றும் ஒரே விடையைச் சொன்னதால் செய்தி உலகமெங்கும் பரவியது.

மறு ஆண்டே ஜெர்மனியின் டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரூனின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வேர்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். நாட்டின் வட பகுதி மரங்களில் மட்டும் டிரமடால் மிகச் சிறிய அளவில் இருந்தது. தென் பகுதி மரங்களில் அது இல்லவே இல்லை. வடக்கில் மண்ணிலும் தண்ணீரிலும் அது கலந்திருந்தது. அதைவிட முக்கியமாக, பாலூட்டிகளின் உடலில் டிரமடால் சிதையும்போது உண்டாகும் துணைப்பொருட்களும் அந்த வேர்களில் இருந்தன. உள்ளூரில் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வெயிலில் களைப்புத் தெரியாமல் உழைப்பதற்காக விவசாயிகள் மலிவான டிரமடால் மாத்திரைகளைத் தாங்களும் விழுங்கி, ஏர் மாடுகளுக்கும் கொடுத்துவந்தார்கள். அது சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறி மண்ணில் இறங்கி வேருக்குள் போயிருக்கிறது. முதல் குழு தன் முடிவை விட்டுக்கொடுக்காமல் வாதிட்டது. ஆனால் 2016-இல் வெளியான கதிரியக்கக் கார்பன் ஆய்வு, அந்த டிரமடாலின் கார்பன் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வந்தது, உயிருள்ள மரம் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது அன்று என்று காட்டியது.

இந்த வரலாற்றில் யாரும் ஏமாற்றவில்லை. சாறு கொடுத்த சுண்டெலிகளிடம் கண்ட மாற்றமும் பொய்யில்லை. ஆனால் அந்த மாற்றம் எதனால் வந்தது, மரத்தினாலா, மரத்துக்குள் வந்து சேர்ந்த வேறு பொருளினாலா, எந்த அளவினால் என்பதையெல்லாம் சுண்டெலியால் சொல்ல முடியாது. மூலிகைச் சாறுகளையும் வைட்டமின்களையும் ஆய்வக விலங்குகளுக்குக் கொடுத்து வலி குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் இந்தியாவிலும் இலங்கையிலும் ஈரானிலும் நைஜீரியாவிலும் பிரேசிலிலும் ஏராளமாக நடக்கின்றன. நம் பார்மசிக் கல்லூரிகளில் பட்ட மேற்படிப்பு ஆய்வேடுகளுக்கு இது மிகப் பழகிய தலைப்பு. அவற்றிலிருந்து ஒரு வரி உருவப்பட்டு, 'இந்த இலை மூட்டுவலியைப் போக்குவது அறிவியல்பூர்வமாக நிரூபணம்' என்று நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. இத்தகைய சோதனைகள் வீண் என்பது என் கருத்தில்லை. எந்தச் செடியை மேலும் ஆராயலாம் என்று சலித்தெடுக்கும் முதல் சல்லடை அவை. சல்லடையில் நின்றதை அப்படியே இலையில் பரிமாறுவதைத்தான் எதிர்க்க வேண்டும். அதனால் நோயாளிக்குத் தீங்கு. வலியைத் தாங்கிய விலங்குக்கும் அநீதி.

விலங்குகளிடம் வலியை எப்படி அளக்கிறார்கள் என்பது தெரிந்தால் இது விளங்கும். மிகப் பரவலான முறை, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, சுண்டெலியின் வயிற்றறைக்குள் ஊசி மூலம் செலுத்துவது. வயிற்றின் உள்சவ்வு எரிச்சலடைந்து சுண்டெலி உடலை முறுக்கும், வயிற்றை எக்கிப் பின்னங்கால்களை நீட்டும். குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் எத்தனை முறை அப்படி முறுக்குகிறது என்று எண்ணுவார்கள். சாறு கொடுத்த சுண்டெலி குறைவாக முறுக்கினால் வலி குறைந்தது என்று கணக்கு. இன்னொரு முறையில் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தட்டில் சுண்டெலியை விட்டு, அது பாதத்தை நக்கவோ குதிக்கவோ எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். தோல் வெந்துவிடாமலிருக்க ஒரு கால எல்லை வைத்து எடுத்துவிடுவார்கள். 1941-இல் டி'அமூர், ஸ்மித் என்ற இருவர் வகுத்த வால் சோதனையில், வாலின் மேல் குவித்த வெப்ப ஒளி பட்டதும் எலி எவ்வளவு நேரத்தில் வாலை இழுத்துக்கொள்கிறது என்பது கணக்கு. 1977-இல் வந்த ஃபார்மலின் சோதனை சற்று நுட்பமானது. பாதத்தில் ஃபார்மலின் ஏற்றியதும் முதல் ஐந்து நிமிடம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால் வலி வரும். பிறகு சிறிது ஓய்ந்து, ஏறக்குறைய கால் மணி நேரம் கழித்து அழற்சியால் இரண்டாவது அலை எழும். மார்ஃபின் இரண்டு அலைகளையும் அடக்கும். ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்துகள் பெரும்பாலும் இரண்டாவது அலையைத்தான் அடக்கும். ஆகவே புதிய சாறு எந்த வழியில் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும்.

இவை எல்லாவற்றிலும் நாம் பார்ப்பது விலங்கின் அசைவை. வலியை அந்த அசைவிலிருந்து ஊகிக்கிறோம். தூக்கக் கலக்கத்தில் கிடக்கும் சுண்டெலி முறுக்காது. தசை தளர்ந்த சுண்டெலி சூடான தட்டிலிருந்து குதிக்காது. சாற்றில் இருக்கும் நச்சினால் சோர்ந்துபோன சுண்டெலியும் அப்படித்தான். அமில ஊசிச் சோதனை இதில் மிகவும் ஏமாற்றக்கூடியது. வலி நிவாரணிகளே அல்லாத ஒவ்வாமை மருந்துகளும் தசைத் தளர்த்திகளும்கூட அதில் 'தேறிவிடும்' என்று பல பத்தாண்டுகளாகத் தெரியும். அதனால்தான் நல்ல ஆய்வாளர், சாறு கொடுத்த சுண்டெலி சுழலும் உருளையின் மேல் விழாமல் நடக்கிறதா என்று தனியாகச் சோதிப்பார். அந்தச் சோதனை இல்லாத கட்டுரையில் 'வலி 70 விழுக்காடு குறைந்தது' என்று இருந்தால், வலிதான் குறைந்ததா, சுண்டெலியே துவண்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சோதிப்பவராலும் முடிவு மாறும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் 2014-இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. ஆண் அணிந்த சட்டையை மட்டும் அருகில் வைத்தாலே போதும், அதே விளைவு. பெண் ஆய்வாளர் இருந்தால் அப்படி நேரவில்லை. ஆணின் உடல்வாடை விலங்குகளுக்கு அச்சமூட்டுகிறது, அச்சத்தில் உடலே தன் வலியை அடக்கிவைக்கிறது என்பது விளக்கம். மருந்து கொடுத்த நாளில் ஓர் ஆணும், கொடுக்காத நாளில் ஒரு பெண்ணும் கூண்டருகே நின்றிருந்தால் வெறும் தண்ணீரும் வலி நிவாரணியாகிவிடும். எந்த விலங்குக்கு மருந்து, எதற்கு வெறும் நீர் என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பதும், எண்ணுகிறவருக்கு அதைத் தெரியாமல் வைப்பதும் இதனால்தான் அவசியமாகின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொது நிதியில் நடந்த 271 விலங்கு ஆய்வுகளை அலசிய 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அவற்றில் 87 விழுக்காட்டில் குலுக்கல் பற்றியும் 86 விழுக்காட்டில் மறைப்பு பற்றியும் ஒரு வார்த்தைகூட இல்லை என்று கண்டது. பணமும் கருவிகளும் நிறைந்த நாடுகளின் நிலையே அதுதான்.

அடுத்தது சாறு. நம் வீட்டில் நொச்சி இலையையோ முடக்கத்தானையோ தண்ணீரில் கொதிக்கவைக்கிறோம், தோசை மாவில் அரைத்துச் சேர்க்கிறோம். ஆய்வகத்தில் பெரும்பாலும் உலர்ந்த தூளை மெத்தனாலில் ஊறவைத்து, மெத்தனாலை ஆவியாக்கி, மிஞ்சும் பிசினை எடுக்கிறார்கள். மெத்தனால் இழுத்தெடுக்கும் பொருட்கள் வேறு, கொதிநீர் இழுத்தெடுப்பவை வேறு. செடியின் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இந்த வகையில் கொழும்பு ஆய்வாளர்கள் 2003-இல் நொச்சியின் முற்றிய பச்சிலைகளைக் கொண்டு செய்த ஆய்வு மதிக்கத்தக்கது. மக்கள் பயன்படுத்துவது போலவே தண்ணீரில் எடுத்த சாற்றை அவர்கள் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, வலியும் வீக்கமும் குறைவதைக் கண்டார்கள். ஒவ்வாமையைத் தணிக்கும் தன்மையும் அதற்கு இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் எல்லா ஆய்வுகளும் வாய்வழியாகக் கொடுப்பதில்லை. பலவற்றில் சாறு வயிற்றறைக்குள் ஊசியாகவே போகிறது. செரிமானப் பாதையில் சிதைந்து, குடல்சுவர் வழியே உறிஞ்சப்பட வேண்டிய கட்டத்தை அது தாண்டிவிடுகிறது. கஷாயம் குடிக்கும் மனிதருக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

அளவு பற்றிய கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு என்பது இந்தக் கட்டுரைகளில் சாதாரணமாகக் காணும் அளவு. சிறிய விலங்கின் உடல் மருந்தை வேகமாகச் செலவழிப்பதால், மனிதருக்குரிய அளவை மதிப்பிட அதை ஏறக்குறைய 12 ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 33 மில்லிகிராம் வருகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம் பிசின். 10 கிராம் உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் பிசின் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாள்தோறும் 20 கிராம் உலர்ந்த இலை, பச்சையாக என்றால் அதைப்போலப் பல மடங்கு. காலையில் கிள்ளிப்போடும் நாலு இலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒப்பீட்டுக்காக அதே ஆய்வில் டைக்ளோஃபினாக்கைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவில் கொடுத்திருப்பார்கள். 40 மடங்கு எடையுள்ள சாறு அதற்கு ஈடாக வேலை செய்தது என்பதை 'டைக்ளோஃபினாக்குக்கு இணையான மூலிகை' என்று எழுதுவது வாசகரைத் தவறான வழியில் அனுப்புவதாகும்.

ஒரு வலுவான ஆட்சேபம் இங்கே எழும். நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக மனிதர்களிடமே பயன்படுத்திப் பார்த்துவிட்டார்களே, எலி எதற்கு, கணக்கு எதற்கு என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. வலி மருத்துவத்தின் பெரிய மருந்துகள் மக்கள் வழக்கிலிருந்தே வந்தன. 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைத் தூளைக் காய்ச்சல்காரர்கள் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டையின் வேதியியல் வழியே வந்த ஆஸ்பிரின் 1899-இல் கடைக்கு வந்தது. அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் விளக்கியது 1971-இல்தான். அபினிலிருந்து ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினைப் பிரித்தார். மூளையில் அது பொருந்தும் ஏற்பி 1973-இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே செயல்முறை தெரியாத மருந்தைத் தொடவே கூடாது என்று நான் வாதிடமாட்டேன். இந்த வெற்றிகளில் எல்லாம் மாறாதிருந்த ஒன்று உண்டு. பொருள் இன்னதென்று பிரித்தெடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கொடுக்க முடிந்தது, மனிதர்களிடம் பலன் கண்டார்கள். வழக்கில் இருந்து மறைந்துபோன, பலனளிக்காத செடிகளின் பட்டியலை யாரும் எழுதிவைக்கவில்லை. மூட்டுவலி தானாகவே ஏறியிறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியம் தேடுகிறார். அடுத்து வரும் இறக்கத்துக்கு, கையில் இருந்த இலை பெயர் வாங்கிக்கொள்கிறது. வழக்கு நமக்குத் தருவது எங்கே தேடலாம் என்ற குறிப்பு. அது அரிய குறிப்புதான், மறுக்கவில்லை.

அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு மிளகாயை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மிளகாயின் காரம் காப்சைசின் என்ற பொருளால் வருகிறது. ஹங்கேரியின் மிக்லோஷ் யாஞ்சோ 1940-களில் அதை விலங்குகளுக்கு மீண்டும் மீண்டும் கொடுத்தபோது, முதலில் எரிச்சலில் தவித்த அவை பிறகு எரிச்சலூட்டும் வேதிப்பொருட்களையே உணராமல் போயின. காயப்படுத்தும் பொருளே வலியை மரக்கச் செய்யும் இந்த முரண், அரை நூற்றாண்டு ஆய்வாளர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. 1997-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், காப்சைசின் பொருந்தும் நரம்பணு வாயிலைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் அதே வாயில்தான் திறக்கிறது. காரம் ஏன் சுடுவது போல் இருக்கிறது என்பதற்கும் அன்றே விடை கிடைத்தது. பறவைகளின் அதே வாயில் காப்சைசினுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாயைக் கொறிப்பது அதனால்தான். அக்கியின் கொப்புளங்கள் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலிக்கு 8 விழுக்காடு காப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டை 2009-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. 2021-இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விலங்கிடம் கண்ட ஒரு மாற்றத்தோடு யாரும் திருப்தியடைந்து நின்றுவிடாததால் கிட்டிய மருந்து அது.

முழுச் செடியைத் துண்டாக்கி ஒற்றை மூலக்கூறு தேடுவது நம் மருத்துவ மரபின் அடிப்படையையே தொலைப்பதாகும் என்று சித்த மருத்துவர்கள் சிலர் சொல்வதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மஞ்சளையே பாருங்கள். அதன் குர்குமின் எலிகளிடம் அழற்சியையும் வலியையும் குறைப்பதாக எத்தனையோ கட்டுரைகள் உண்டு. மனிதர் விழுங்கினால் அது இரத்தத்தில் சேர்வதே அரிது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது மனித இரத்தத்தில் அதன் சேர்மானம் 20 மடங்கு உயர்ந்தது. கூட்டு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தக் கூட்டு, கல்லீரல் வெளிப்பொருளை அகற்றும் வேலையை மட்டுப்படுத்தித்தான் இதைச் சாதிக்கிறது. பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் அண்மையில் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டுக்கு நன்மை செய்யும் ஆற்றல் உண்டு என்று ஏற்றுக்கொண்டால், தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு என்று ஏற்றாக வேண்டும். முழுச் செடி என்ற வாதம் சோதனையிலிருந்து விலக்கு தருவதில்லை. சோதனையை இன்னும் கடினமாக்குகிறது.

வைட்டமின்கள் பற்றிப் பேசும்போது நாம் இன்னும் அலட்சியமாகிவிடுகிறோம். உணவுதானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. பி1, பி6, பி12 மூன்றையும் டைக்ளோஃபினாக்கோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தால் வலி நிவாரணம் கூடுகிறது என்று மெக்சிகோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மனிதரின் இடுப்புவலியிலும் அந்தச் சேர்க்கைக்குச் சற்றுப் பலன் தெரிந்த ஆய்வுகள் உண்டு. இங்கே வேறுபடுத்திப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பி12 குறைந்தவருக்குப் பாதம் எரியும், விரல் மதமதக்கும். நீரிழிவுக்காக நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுவோரிடமும், புலால் உண்ணாதோரிடமும் இந்தக் குறைபாடு அடிக்கடி காணப்படுகிறது. அவர்களுக்கு பி12 கொடுத்து எரிச்சல் தணிந்தால் அது குறையை நிரப்பியதன் பலன். குறையே இல்லாதவருக்கு அதே ஊசி வலி நிவாரணி ஆகிவிடாது. பி6 பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு மில்லிகிராமுக்குள் போதுமான இந்த வைட்டமினை, 2 முதல் 6 கிராம்வரை தினமும் விழுங்கிவந்த ஏழு பேர் கால் உணர்விழந்து தள்ளாடியதை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நாய்களுக்கும் எலிகளுக்கும் மிகை அளவில் கொடுத்தபோது உணர்வு நரம்பணுக்கள் சிதைந்தன. நரம்புக்கு நல்லது என்று நாம் வாங்கும் பொருள், அளவு மீறினால் அதே நரம்பைத் தின்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. நம் மருந்துக் கடைகளில் ஒரே மாத்திரையில் 100 மில்லிகிராம் உள்ளவை எளிதில் கிடைக்கின்றன.

வைட்டமின் சி-யில் சிக்கல் வேறு. எலியும் சுண்டெலியும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் கல்லீரலிலேயே செய்துகொள்கின்றன. நமக்கும் கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. ஆகவே எலிக்கு வெளியிலிருந்து சி கொடுத்து வலி குறைந்தது என்றால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் பாத்திரத்தில் மேலும் ஊற்றியதன் விளைவைத்தான் பார்க்கிறோம். மனிதரிடம் என்ன நிலை? மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கு 50 நாள் தினமும் 500 மில்லிகிராம் கொடுத்தால், பின்னால் வரும் ஒரு வகைக் கொடிய நாள்பட்ட வலி குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வு 1999-இல் சொன்னது. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. மனிதரிடமே இவ்வளவு இழுபறி இருக்கும்போது எலியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எப்படி?

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் விலங்கும் மனிதரும் பிரியும் இடம் வரலாம். 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற நரம்புப் பொருளைத் தடுக்கும் மருந்துகள் 1990-களில் விலங்குகளிடம் வலியை அருமையாக அடக்கின. பெரிய நிறுவனங்கள் பெரும் பணம் செலவிட்டு மனிதர்களிடம் சோதித்தபோது பல்வலி, மூட்டுவலி, நரம்பு வலி எதிலும் அவை நிலைக்கவில்லை. அவற்றில் ஒன்றான அப்ரெபிடன்ட், புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்தாக 2003-இல் அனுமதி பெற்றது. தூய்மையான ஒற்றை மூலக்கூறுக்கே இந்த நிலை என்றால், நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்த பிசினைப் பற்றி ஒரே ஒரு சுண்டெலிச் சோதனையை வைத்து உறுதிமொழி கொடுப்பது நோயாளியிடம் நேர்மையாக நடந்துகொள்வதாகாது. அந்த உறுதிமொழியை நம்பி மூட்டுவாத நோயாளி ஒருவர் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால், மூட்டு அரித்துச் சிதைவது நிற்காமல் தொடரும். வலி மறைந்தாலும் அரிப்பு தொடரலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் விலங்குகளை இந்தத் துன்பத்துக்கு ஆளாக்குவதே ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்கள் கேட்காவிட்டால் ஆய்வுலகம் இதை மறந்துவிடும். வலி நிவாரணியைச் சோதிக்க வலியை உண்டாக்கித்தான் ஆக வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்கும் சுண்டெலிக்கு எந்த நிவாரணமும் கிடையாது. ரசல், பர்ச் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் 1959-இலேயே, மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிருங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், துன்பத்தைத் தணியுங்கள் என்று வழிகாட்டினார்கள். இந்தியாவிலும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கல்லூரியும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றே இதைச் செய்ய முடியும். அந்தக் குழுக்கள் கூண்டின் அளவையும் தீவனத்தையும் பார்ப்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பேன். ஏற்கெனவே பத்து முறை சூடான தட்டில் சோதித்த செடியைப் பதினோராவது முறை சோதிப்பதால் எவருக்கு என்ன புதிதாகத் தெரியப்போகிறது? குலுக்கலும் மறைப்பும் சுழல் உருளைச் சோதனையும் இல்லாத திட்டத்தில் ஒரு சுண்டெலியின் வயிற்றில் அமிலம் ஏற்ற அனுமதிப்பது எந்த நியாயத்தில்?

நொச்சியும் முடக்கத்தானும் பிரண்டையும் எலிகளிடம் போதுமான அளவு சோதிக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்கு இனி வேண்டியது மனிதரிடம் நடக்கும் ஒழுங்கான ஆய்வு. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மூட்டுவலிக்காக அங்கே வருவோருக்கும் குறைவில்லை. எந்த மாதத்தில் பறித்த இலை, எந்த மண், எவ்வளவு நேரம் கொதித்தது என்பதை வரையறுத்து, வேதியியல் அடையாளம் உறுதிசெய்த ஒரே சீரான மருந்தைத் தயாரிக்க வேண்டும். உருவத்திலும் சுவையிலும் அதைப் போலவே இருக்கும் போலி மருந்தையும் தயாரித்து, யாருக்கு எது என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் மூன்று மாதமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். படியேறும்போது வலிக்கிறதா, இரவு உறக்கம் வருகிறதா, எத்தனை வலி மாத்திரை குறைந்தது, கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பதிவு செய்ய வேண்டும். ஆய்வு தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதைப் பதிந்து, மருந்து பலிக்காவிட்டாலும் முடிவை வெளியிடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.